வெள்ளை மாவு

தன் மகள் அத்திஜாவுக்குக் கால் வரவில்லை என்று அக்கா மௌலிதா போனில் சொன்ன நேரத்தில், டாக்டர் உசெனே பல்கலைக்கழக அரங்கத்தில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தான். டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மரவள்ளிக்கிழங்கைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவன். ஆனாலும் பீர் கம்பெனிக்காரர்கள் வருகிற நாளில் பட்டம் வாங்கியவனும் துணியெடுத்துத் துடைக்கத்தான் வேண்டும். அன்றைக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த புது ஆய்வுக்கூடத்துக்குத் திறப்பு விழா.

"கால் வரலைன்னா? முள்ளு குத்திச்சா?"

"முள்ளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. காலைல பாயிலேருந்து எழுந்தா. ரெண்டு காலும் கட்டை மாதிரி விறைச்சுப் போச்சு. நிக்க வெச்சா நுனிக்கால்ல நிக்கிறா, கைய விட்டா விழுந்துடறா. நீ கிளம்பி வாடா."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. வலியும் இல்லங்கிறா. சிரிக்கிறா. எனக்கு அதுதான்டா பயமா இருக்கு."

நுனிக்கால் என்று அவள் சொன்னதுமே உசெனேக்கு நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாத மாதிரி, "எண்ணெய் தேச்சு விடு, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தான். தலைக்கு மேலே பெரிய துணி தொங்கியது. 'பல்கலைக்கழகமும் தொழிலும் கைகோத்தால் உலகப் பசி ஓடிப்போகும்' என்று எழுதியிருந்தது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். எங்கள் நம்புலா நகரத்துப் பக்கத்தில் பசி ஓடிப்போய் யாரும் பார்த்ததில்லை. துணியில் எழுதினால் ஓடுமோ என்னவோ.

விழாவில் அவன் பேசினான். கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று மரவள்ளி மாவு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்து, விரலைத் தட்டி, பேஷ் என்று தலையாட்டினார்கள். பூஞ்சணம் பிடித்த கறுப்பு மாவு தின்றுகொண்டிருந்த ஜனங்களை ஒரே வருஷத்தில் இந்த வெள்ளைக்குக் கொண்டுவந்தோம் என்று உசெனே சொன்னபோது கைத்தட்டல் நிற்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வேனில் தொற்றிக்கொண்டு ஊருக்குப் போனான். நமுரோலா அவன் அம்மா ஊர். அக்கா ஊர் என்றாலும் அதுதான். எங்கள் மக்குவா ஜனங்களிடம் பெண் பிறந்த இடத்தை விட்டுப் போவதில்லை. கட்டிக்கொள்கிறவன்தான் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருவான். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனுக்கு வயலில் வேலை உண்டு, வாயில் வேலை கிடையாது. மௌலிதாவின் புருஷன் நல்லவன், உழைப்பாளி. பிள்ளைகளின் நல்லது கெட்டது பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விடுவான். அதைச் சொல்ல வேண்டியவன் தாய்மாமன். உசெனே சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. அந்த வீட்டில் இல்லையென்றால், அந்தக் குடும்பத்தைச் சுற்றியிருக்கிற பாதி ஊரில் இல்லை. கம்பெனி தன் மரவள்ளித் திட்டத்துக்கு அவனைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான்.

அத்திஜா முற்றத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மாமா வருகிறான் என்று மௌலிதா பிள்ளையின் முகத்துக்கு முசிரோக் கட்டையை அரைத்துப் பூசிவிட்டிருந்தாள். பதினொரு வயதுக் குழந்தை, கல்யாணத்துக்குப் போகிறவள் போல வெள்ளை முகத்தோடு சிரித்தாள்.

"மாமா, என் காலு பொம்மைக் காலு ஆயிடுச்சு."

"எங்க, மாமாவப் பிடிச்சுக்கிட்டு நில்லு பாப்போம்."

நின்றாள். குதிகால் தரையில் படவில்லை. ஓர் அடி வைக்கச் சொன்னான். முழங்கால் முழங்காலோடு இடித்துக்கொண்டு, பாதம் குறுக்கே போய் விழுந்தது. வருஷா வருஷம் வகுப்பில் சுவரில் படம் போட்டுக் காட்டி, தேர்வில் கேள்வியாகக் கேட்கிற நடை இது. மந்தாகாசா. கசப்பு மரவள்ளியில் இருக்கிற விஷம் போகாமல் தின்று, கூட மீனோ பயறோ இல்லாமல் வயிறு காய்ந்தால் வருவது. ஒரே நாளில் வரும். வந்தது போகாது. ஆயுசுக்கும் போகாது. பரீட்சைத் தாளில் 'மீளாது' என்று எழுதிய மாணவனுக்கு உசெனே முழு மதிப்பெண் போட்டிருக்கிறான்.

"என்ன மாவு அக்கா திங்கறீங்க?" என்று கேட்டான்.

"என்ன கேள்விடா இது? நம்ம மாவுதான்."

"காட்டு."

மௌலிதா கூடையின் மூடியைத் தூக்கினாள். பஞ்சு மாதிரி மாவு. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, இந்த நேரத்திலும். "பாரு. கம்பெனி லாரிக்காரன் இந்த ஊர்ல முதல்ல நம்ம வீட்டுக் கிழங்கு வத்தலத்தான் தூக்குவான். பக்கத்து வீட்டுக்காரி வயிறெரிஞ்சு சாகறா."

"வீட்டுக்குத் திங்கறதுக்காவது மூட்டம் போட்டீங்களா?"

"மூட்டமா?" அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானடா அதைக் காலால கலைச்சுவிட்டே?"

ஆமாம், அவன்தான். முன்பெல்லாம் கிழங்கைத் தோல் சீவி, குவித்து, மேலே வைக்கோலைப் போட்டு மூடி மூட்டம் போடுவார்கள். உள்ளே புழுங்கி, பூஞ்சணம் பூத்து, கிழங்கு கறுத்து நெகிழும். பிறகு பூஞ்சணத்தைச் சுரண்டி, காயவைத்து, உரலில் இடித்தால் சாம்பல் நிற மாவு வரும். களி கிண்டினால் அதன் வாசனை தெருக்கோடி வரை போகும். உசெனே நகரத்து விடுதிப் பள்ளிக்கு அந்த மாவை மூட்டை கட்டிக்கொண்டு போன காலத்தில் மற்றப் பையன்கள் அவனைக் 'கரிதின்னி' என்று கூப்பிட்டார்கள். ஐந்து வருஷம் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டிருந்தது. அவமானம் படிப்பால் போகும் என்பார்கள். எங்கே போகிறது? பட்டம் வாங்கிக்கொண்டு அதுவும் கூடவே வரும்.

பீர் காய்ச்ச வெள்ளை வற்றல் வேண்டும், பூஞ்சணம் ஒரு பொட்டு இருந்தாலும் ஆகாது என்று கம்பெனி சொன்னபோது, உசெனேக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வறட்சியைத் தாங்குகிற கசப்பு ரகத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. கிழங்கைச் சீவுகிற மெஷினைக் கம்பெனி கொடுத்தது. மெல்லிசாகச் சீவிப் போட்டால் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். உசெனே வீடு வீடாகப் போனான். பூஞ்சணம் அழுக்கு, பூஞ்சணம் நோய், இனி என் ஆட்கள் யாரும் அந்தக் கறுப்பைத் தின்னக் கூடாது என்றான். அக்காவின் மூட்டத்தை எல்லாரும் பார்க்க முதலில் அவனே உதைத்துக் கலைத்தான். தாய்மாமன் சொல்லிவிட்டான், ஊர் கேட்டது. அந்தப் பூஞ்சணமும் புழுக்கமும்தான் இத்தனை தலைமுறையாக விஷத்தைத் தின்றுகொண்டிருந்தன என்பது அவனுக்குப் பாடப் புத்தகத்தில் தெரியும். லாரியில் ஏறுகிற வற்றலைத்தான் கம்பெனி சோதித்தது; காய்ச்சி வடித்தால் அது பீர், விஷம் இல்லை. வீட்டில் தங்குகிற வற்றலைச் சோதிக்க யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் கிழங்கில் விஷம் ஏறும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன? வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனுக்கு டாக்டர் பட்டம் இருந்தால் அது இன்னும் ஆபத்து.

அவன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மறைக்கவில்லை. மௌலிதா உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப இந்த மாவுலதான் இருக்கா?"

"ஆமா. மாவை நனைச்சு, நிழல்ல மெல்லிசா பரப்பி, மத்தியானம் முழுக்க விட்டுட்டுக் கிண்டுங்க. பெரும்பாலும் போயிடும்."

"இவளுக்கு?"

"என்ன இவளுக்கு?"

"காலுடா. இவ காலு. இந்த விறைப்பு எது பண்ணினா போகும்?"

உசெனே குனிந்து பிள்ளையின் குதிகாலைத் தரையோடு அழுத்திப் பார்த்தான்.

"போகுமா, போகாதா? படிச்சவன்தானே, சொல்லு."

"போகாதுக்கா."

அவள் அழவில்லை, அவனை அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பொழுது ஏறியிருந்தது, பிள்ளைகளுக்குப் பசி. அவள் அடுப்பில் பானையை ஏற்றினாள். தண்ணீர் கொதித்ததும் கூடையிலிருந்து அதே வெள்ளை மாவை அள்ளிப் போட்டுக் கிண்டினாள். அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

மாலையில் சீவுகிற மெஷின் கொட்டகையில் பெண்களைக் கூட்டினான். மாவை நனைக்கச் சொன்னான், மறுபடியும் மூட்டம் போடச் சொன்னான். வாய் நீளமான ஒருத்தி, மௌலிதாவின் ஒன்றுவிட்ட தங்கை, ஆரம்பித்தாள்.

"அண்ணே, போன வருஷம் ஒரு உசெனே வந்தாரு. பூசணம் அழுக்குன்னாரு. இந்த வருஷம் ஒரு உசெனே வந்திருக்காரு. பூசணம்தான் மருந்துங்கிறாரு. இதுல எங்க பிள்ளைங்க மாமன் யாரு?"

சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயமா என்றால் இல்லை. ஆனால் பசித்த ஜனங்களுக்குச் சிரிப்பு ஒன்றுதான் காசில்லாமல் கிடைக்கும்.

"கறுத்த வத்தல லாரிக்காரன் எடுப்பானா?" என்றாள் இன்னொருத்தி.

"எடுக்க மாட்டான்."

"அப்ப உப்பு, சோப்புக்கு உங்க ஆய்வுக்கூடத்துக்கு வரட்டுமா?"

"நனைக்கிறதுன்னு சொல்றீங்க. குழாயடியில ஒரு குடம் தண்ணிக்கு விடிகாலைலேருந்து நிக்கிறோம். குடிக்கவா, மாவைக் குளிப்பாட்டவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

கொஞ்ச நாள் நனைத்தார்கள். மாமன் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை மிச்சமிருந்தது. அப்புறம் குழாயில் தண்ணீர் மெலிந்தது, அதுவும் நின்றது.

நம்புலாவுக்குத் திரும்பிய உசெனே அக்கா வீட்டு மாவை ஒரு துணியில் முடிந்து எடுத்துவந்திருந்தான். புது ஆய்வுக்கூடத்தில், கம்பெனி கொடுத்த மேஜையில் வைத்துச் சோதித்தான். விஷத்தைக் காட்டுகிற மஞ்சள் காகிதம் செங்கல் நிறமாக மாறியது. அதை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் லுக்ரேசியாவின் அறைக்குப் போனான். கம்பெனியின் ஆள் கிரெமில்டோவும் அங்கே காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிரெமில்டோ காகிதத்தைப் பார்த்தான். "இது எங்க வத்தலா?"

"எங்க அக்கா வீட்டு மாவு."

"அப்ப எங்க வத்தல் இல்ல. டாக்டர், எங்க பீரைக் குடிச்சு யாருக்காவது காலு போயிருக்கா? தலைதானே சுத்தும்!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, உசெனேயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைக்கு நடந்தது கஷ்டம்தான். ஆனா வீட்டுல அவங்க என்ன சமைக்கிறாங்க, எப்படிச் சமைக்கிறாங்கன்னு கம்பெனி பாக்க முடியுமா? பழைய பக்குவம் அவங்களுக்கே தெரியுமே. அவங்கதானே விட்டாங்க."

"விடச் சொன்னது நாம."

"சொன்னது நீங்க," என்றான் கிரெமில்டோ, மரியாதையாகத்தான்.

அவன் போன பிறகு லுக்ரேசியா கதவைச் சாத்தினாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கதை சுலபம், திட்டிவிட்டுப் போய்விடலாம்.

"உசெனே, உக்காருங்க. நான் இதை இன்னிக்கே வெளியில சொல்றேன்னு வெச்சுக்குங்க. என்ன ஆகும்? லாரி நின்னுடும். உங்க ஊர்ல வேற யாரு வந்து வாங்கப் போறா? காலு நல்லா இருக்கும், வயிறு காயும். வயிறு காஞ்சா மறுபடியும் அதே மாவைத்தான் திம்பாங்க."

"சொல்லாம விட்டா?"

"சொல்லாம விடுவோம்னு நான் சொல்லலியே. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்க."

கொடுத்தான். வேறென்ன செய்வான்? சுகாதார அலுவலகத்துக்கு ஒரு நடை போனான். பல்கலைக்கழகத்தின் கையெழுத்தோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தில் இரண்டு மூட்டை அரிசியும் கொஞ்சம் கருவாடும் வாங்கி ஊருக்கு அனுப்பினான். மௌலிதா அதைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. தாய்வழிச் சொந்தம் அத்தனை பேருக்கும் பங்கு போட வேண்டும், அதுதான் முறை. ஆளுக்கு ஒரு கிண்ணம் வந்தது. ஒரு நாள் நமுரோலாவில் எல்லா அடுப்பிலும் அரிசி வெந்தது. மறுநாள் எல்லா உரலிலும் பழையபடி வெள்ளை மாவு.

மழை அந்த மாதமும் இல்லை. மூன்றாவது வீட்டு ரோசின்யாவுக்குக் கால் போனது. அவள் அத்திஜாவை விட மோசம், தவழத்தான் முடிந்தது. பிறகு வறண்ட கிணற்றோரத்து வீட்டில் பால் கொடுக்கிற ஒரு பெண்ணுக்கு. லாரிக்காரன் டயரில் ஏதோ பூசிக்கொண்டு வருகிறான், அந்தத் தடத்தை மிதித்தால் கால் போகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பிள்ளைகளுக்கு ரோட்டில் இறங்கக் கூடாதென்று உத்தரவு. மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. மாவைச் சந்தேகப்பட்டால் அடுத்த வேளை என்ன தின்பது?

லுக்ரேசியா ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினாள். முகத்தில் வெளிச்சம்.

"நல்ல சேதி உசெனே. மந்தாகாசாவுக்குன்னே ஒரு திட்டம். வெளிநாட்டு அறக்கட்டளை பணம் போடுது. நம்ம பல்கலைக்கழகமும் கம்பெனியும் சேர்ந்து நடத்தணும். எடுக்கிற கிராமத்துல வீட்டுக்கு வீடு பயறு, மீனு. தண்ணித் தொட்டி. மூட்டம் போட்ட வத்தலையும் கம்பெனி வாங்கிக்கணும்னு நான் சண்டை போட்டு எழுத வெச்சிருக்கேன். மூணு வருஷம்."

"அதே கம்பெனியா?"

"அதே கம்பெனிதான். வேற எந்தக் கம்பெனி இந்த ஊருக்கு வந்திருக்கு?"

காலை முடக்கியவனே ஊன்றுகோலும் விற்க வருகிறான் என்று உசெனே நினைத்தான். ஆனால் பயறு என்ற சொல் காதில் விழுந்த பிறகு அவனுக்கு ரோஷம் வரவில்லை. பயறு வந்தால் ஊரில் இனி ஒரு கால் போகாது. மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"நமுரோலாவை எடுப்பாங்களா?"

லுக்ரேசியா பேனாவைத் திருகினாள். "நோய் கடுமையா இருக்கிற கிராமத்தைத்தான் எடுப்பாங்க. எழுந்து நிக்கவே முடியாதவங்க மூணு பேராவது இருக்கணும்னு வெச்சிருக்காங்க. குச்சி ஊணி நடக்கிறவங்க கணக்குல வராது. உங்க ஊர்ல எத்தனை பேரு?"

"தவழறவங்க ரெண்டு பேரு."

"உங்க அக்கா பொண்ணு?"

"குச்சியோட நடக்கிறா."

லுக்ரேசியா சன்னல் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் பாக்க வருவாங்க," என்று மட்டும் சொன்னாள்.

பார்க்க வருவதற்கு முதல்நாள் மத்தியானம் உசெனே ஊருக்குப் போனான். மௌலிதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கடைக்குட்டி அமிசே அவள் இடுப்பில் இருந்தான்.

"நேத்து இவன் ஓடும்போது தடுக்கி விழுந்தான்டா. ரெண்டு தடவை. எல்லாப் பிள்ளையும் விழும்தானே?"

"விழும்."

"கீழ விடவே பயமா இருக்கு. காலைலேருந்து தூக்கிட்டே திரியறேன்."

அவன் திட்டத்தைப் பற்றிச் சொன்னான். மூன்று பேர் என்பதையும் சொன்னான். அவளுக்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை.

"நீ சொல்லுக்கா அத்திஜாகிட்ட," என்றான். "நீ சொன்னா..."

"நானா?" மௌலிதாவின் குரல் தாழ்ந்துவிட்டது. "பெத்தவ வாயால, நீ நடக்காதேன்னு சொல்லணுமா? தாய்மாமன் எதுக்குடா இருக்கே? பூசணம் அழுக்குன்னு சொன்ன வாய்தானே. இதையும் அதுவே சொல்லட்டும்."

அத்திஜா சமையல் குடிசைக்குப் பின்னால் இருந்தாள். அவனைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்து, வேலியோரம் நிற்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"மாமா, அங்கயே நில்லு. வராதே. பாத்துட்டே இரு."

குச்சியைச் சுவரில் சாய்த்தாள். கைகளை விரித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு, நுனிக்காலில், முழங்கால் இடிக்க இடிக்க, வேலி வரைக்கும் வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"அம்மாகூட இன்னும் பாக்கல. உனக்குத்தான் முதல்ல. நாளைக்கு அவங்க முன்னாடி நடக்கப் போறேன். எல்லாரும் வாயப் பொளக்கப் போறாங்க."

உசெனே கை தட்டினான். தட்டிய கை நின்ற பிறகு அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. இதற்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் இருக்கிறது?

"தங்கம், நாளைக்கு வர்றவங்க முன்னாடி இப்படி நடக்காதே."

அவள் முகம் சுருங்கியது. "ஏன், அசிங்கமா இருக்கா?"

"இல்லடா. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா ஏன் காட்டக் கூடாது?"

"நிக்க முடியாதவங்க இருக்கிற ஊருக்குத்தான் அவங்க பயறும் மீனும் கொடுப்பாங்களாம். பயறு தின்னா அமிசேக்கெல்லாம் கால் போகாது."

அத்திஜா சுவரில் சாய்ந்திருந்த குச்சியைத் திரும்பிப் பார்த்தாள். கெட்டிக்காரக் குழந்தை. கெட்டிக்காரியாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று உசெனேக்குத் தோன்றியது.

"குச்சி வெச்சுக்கிட்டு நடக்கலாமா?"

"குச்சியும் வேண்டாம்."

"அப்ப ரோசின்யா மாதிரி தவழணுமா?"

"ஆமா."

"முழங்கால்ல தவழறதா, அவ மாதிரி கையால இழுத்துக்கிட்டுப் போறதா? ரெண்டும் வேற வேற மாமா."

"உனக்கு எது வருதோ," என்றான்.

மறுநாள் இரண்டு வண்டிகளில் வந்தார்கள். கிரெமில்டோ புதுத் தொப்பி போட்டிருந்தான். அறக்கட்டளையிலிருந்து நோயை அளக்க வந்த அம்மாள் தூர தேசத்துக்காரி, இரக்கமான முகம். அத்திஜாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, எழுந்து நிற்க முடிகிறதா என்று பார் கண்ணே என்றாள். லுக்ரேசியா அதை மொழிபெயர்த்துச் சொல்லும்போது உசெனேயைப் பார்க்கவில்லை.

அத்திஜா முயற்சி செய்தாள். கைகளை ஊன்றினாள், இடுப்பைத் தூக்கினாள், பாதி எழுந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது தடவை தாடை மண்ணில் மோதி உதடு கிழிந்தது. அதன் பிறகு கைகளால் உடம்பை இழுத்துக்கொண்டு, கால்கள் பின்னால் தேய, முற்றத்தைக் கடந்து போனாள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிரெமில்டோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அவனுக்கும் வீட்டில் பெண் குழந்தைகள் உண்டு. மௌலிதா அமிசேயைத் தூக்கிக்கொண்டு குடிசைக்குள்ளே போய்விட்டாள்.

நமுரோலா எடுக்கப்பட்டது. அங்கேயே சொல்லிவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். வாய் நீளமான அந்தத் தங்கைக்காரி உசெனேயின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இப்பதான் எங்க பிள்ளைங்க மாமன் வந்தாரு," என்றாள். அவனுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

வண்டிகளின் புழுதி அடங்கும்வரை அத்திஜா மண்ணிலேயே கிடந்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"சரியா செஞ்சேனா மாமா?"

"செஞ்சே." அவன் கைக்குட்டையால் அவள் உதட்டைத் துடைத்தான்.

"மறுபடியும் வருவாங்களா?"

"அறுவடைக்கு அறுவடை வருவாங்க. மூணு வருஷம்."

"அப்பல்லாம் இப்படித்தானா?"

உசெனே ஆமென்று தலையை ஆட்டினான். இல்லையென்று ஆட்ட வேண்டும் என்றுதான் நினைத்தான்.

"நடந்து பழகிட்டா அன்னிக்கு மட்டும் தவழ வராது மாமா. காலு காட்டிக் கொடுத்துடும்." பெரிய மனுஷி மாதிரி யோசித்துச் சொன்னாள். "இன்னிக்கே ரெண்டு தடவை நின்னுடப் பாத்துச்சு. நான்தான் தள்ளி விட்டேன்."

அவன் குச்சியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அதைத் தொடவில்லை. குடிசையிலிருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. பயறு வர இன்னும் ஒரு மாதம் ஆகும், அதுவரை பிள்ளைகளுக்குப் பசிக்குமே. அம்மாவுக்கு ஒத்தாசை செய்ய வேண்டும் என்று அத்திஜா கைகளை முன்னால் ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு, குடிசையை நோக்கித் தவழ்ந்து போனாள். எழுந்து நட என்று உசெனே சொல்லவில்லை.